வெளிக்கிடுற பை

சிவபாலன் முழுகிவிட்டுத் தலையைத் துடைத்தபடி வந்து பார்த்தபோது, வாசலில் வைத்த பை இல்லை.

அவர் பதறவில்லை. பதறக்கூடாது என்பது அவருடைய தாயார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கதவுக்குப் பின்னால் பார்த்தார். சப்பாத்துத் தட்டின் கீழே குனிந்து பார்த்தார். துவாயோடு விறாந்தையின் அந்தம் வரைக்கும் நடந்து பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் காலையிலிருந்து கிடந்த அரிசிப் பொதியும் இல்லை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்ப் போத்தல்களும் இல்லை. அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் பதறினார்.

அது புயல் வந்துபோன கார்த்திகை. சிவபாலன் இருக்கும் வெள்ளவத்தையில் மழையோடு போயிற்று. களனி கங்கைக் கரைச் சனத்துக்கு அப்படிப் போகவில்லை. கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் கழுத்தளவு தண்ணீர். தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர் ஸமீம், இரண்டாம் மாடிக்காரர், "கொடுக்கக்கூடியதை வாசலில் வையுங்கள், பின்னேரம் லொறி வரும்" என்று வட்ஸ்அப்பில் போட்டிருந்தார். சிவபாலன் அதற்கு, "முதலில் எங்கள் பாதுகாப்பு, பிறகு மற்றது" என்று பதில் எழுதியிருந்தார். அதனால் அவர் கொடுப்பதற்கென்று வாசலில் ஒன்றும் வைக்கவில்லை.

பையை வைத்தது காற்றாட. மழை ஈரத்தில் கதவுக்குப் பின்சுவர் வியர்த்து, பையில் பூஞ்சணம் மணத்தது. வெளியே எடுத்து வைத்துவிட்டு முழுகப் போனார். அவ்வளவுதான் நடந்தது.

பை என்றால் சும்மா பை அல்ல. மண்ணிற ரெக்சின் பை. அந்த வீட்டில் அதற்குப் பெயர் வெளிக்கிடுற பை, ஓடவேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு புறப்படும் பை.

சிவபாலனின் தாயார் கலவரங்களுக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து மூன்று முறை ஓடியவர். ஐம்பத்தெட்டில் ஓடும்போது பதற்றத்தில் தேங்காய் திருவலையைத் தூக்கிக்கொண்டு, காணி உறுதிப் பத்திரத்தை விட்டுவிட்டு ஓடினார். எழுபத்தேழில் உறுதியை எடுத்தார், செருப்பை மறந்தார். கண்ணாடித் துண்டுகளுக்கு மேலால் வெறுங்காலோடு நடந்த அடையாளம் கடைசிவரைக்கும் உள்ளங்காலில் இருந்தது. எண்பத்துமூன்றில் ஒன்றையும் மறக்கவில்லை. எல்லாம் எடுத்தார். சிவபாலனின் தகப்பன்தான் வேலைக்குப் போன கந்தோரிலிருந்து வரவேயில்லை. அது பையில் வைக்கக்கூடிய சாமான் அல்ல.

அந்த மூன்று ஓட்டத்திலும் அந்த அம்மா கற்றதுதான் பை அடுக்கும் முறை. செருப்பு எல்லாவற்றுக்கும் மேலே. ஏனென்றால் முதலில் தேவைப்படுவது அதுதான். வறுத்த அரிசிமாவும் பனங்கட்டியும் தகரப் பேணியில், மாதம் ஒருமுறை புதிதாக. பருத்தி உடுப்பு மட்டும், பட்டுக் கூடாது. பட்டு நனைந்தால் காயாது, கண்டவன் கண்ணிலும் படும். அடியில் அட்டைத் தட்டைத் தூக்கினால், கீழே பொலித்தீனில் சுற்றிய உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும். மொத்தப் பாரமும் ஒரு பெண் ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு படி இறங்கக்கூடியதாக இருக்கவேண்டும். ஏன் பெண் என்று சிவபாலன் இளவயதில் ஒருமுறை கேட்டார். "ஆம்பிளையள் அந்த நேரம் வீட்டில நிக்கமாட்டினம்" என்று சொல்லிவிட்டு அம்மா தைத்துக்கொண்டே இருந்தாராம்.

இந்த முறைக்கு இப்போது வாரிசு சிவபாலன். வாரிசு என்றால், கட்டளை அவருடையது. அடுக்குவது மனைவி பத்மாவதியின் வேலை. கலியாணம் முடித்த முதல் மாதத்திலேயே அவளுக்கு எல்லாம் ஒப்புவித்துவிட்டார். பௌர்ணமிப் போயா தினங்களில் ஒத்திகை. கதிரையில் இருந்தபடி "வெளிக்கிடு" என்று ஒரு சொல் சொல்வார். அவள் அடுப்பை நிறுத்தி, கேஸைப் பூட்டி, செருப்பைப் போட்டு, பையை எடுத்து வாசலில் நிற்கவேண்டும். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "பிந்திப்போச்சு. சனம் கேற்றடிக்கு வந்திட்டுது, நீ செத்துப்போனாய்" என்பார்.

தொடக்கத்தில் அவள் அழுதாள். பிறகு கொஞ்சக் காலம் சிரித்தாள். இப்போது இரண்டும் இல்லை. அவர் வாய் மூடுமுன் பையோடு வாசலில் நிற்பாள், ஒரு சத்தம் கேட்காது. பெற்றோலுக்கும் கேஸுக்கும் சனம் வரிசையில் நின்ற அந்த வருடம், சங்கக் கூட்டத்தில் சிவபாலன் ஆயத்தமாயிருப்பது பற்றி நீண்ட பேச்சுப் பேசினார். கடைசியில், "இந்த மாடியில எங்கட மனுசியைப் போல கெதியா வீட்டை விட்டு இறங்க ஒருத்தராலும் ஏலாது" என்று பெருமையாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். பத்மாவதி பின் வரிசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு வேகமாக இறங்கக்கூடியவள் எங்கேயும் போனதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவளுடைய தங்கச்சி வீடு தெஹிவளையில். பஸ்ஸில் ஏறிக் குந்துவதற்குள் இறக்கம் வந்துவிடும். "ஒரு கிழமை போய் நிண்டிட்டு வரட்டே" என்று அவள் எப்போது கேட்டாலும், "இந்த நிலைமையிலயோ" என்பார் சிவபாலன். எந்த நேரமும் ஒரு நிலைமை இருந்தது. குண்டு, சுனாமி, தேர்தல், கொரோனா, வரிசை, இப்போது வெள்ளம். மெல்பேணில் இருக்கும் மகள் யதுஷா, "அம்மாவிட்ட குடுங்கோ" என்று கேட்டாலும், அம்மாவின் சுகத்தை அப்பாதான் சொல்வார். கோயிலுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைகளில் போய்வர அனுமதி. அதுவும் விளக்கு வைக்குமுன் திரும்பிவிடவேண்டும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

போகும்போது பத்மாவதி வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். "பையைத் தொடாதேங்கோ. நீங்கள் தொட்டால் ஒழுங்கு குலைஞ்சிடும்." அந்த வீட்டில் அவள் இடும் ஒரே கட்டளை அது. இத்தனை வருடத்தில் அவர் அதை மீறியதில்லை. இன்றைக்கு மீறினார், பை போய்விட்டது. வீட்டு உறுதியும் அதற்குள். விளக்கு வைக்குமுன் அது திரும்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கவேண்டும்.

துவாயோடேயே ஸமீமுக்குக் கோல் எடுத்தார். இவர் வாய் திறக்குமுன் அவர் தொடங்கிவிட்டார்.

"சேர், என்ன சொல்றதுண்டே தெரியல்ல. உங்கட உம்மா காலத்துப் பேக். அதத் தூக்கிக் குடுத்தீங்களே. குரூப்பப் பாருங்க."

பார்த்தார். லொறியின் பின்பக்கத்தில், பருப்பு மூட்டைக்குமேல், அவருடைய பை. கீழே ஸமீம் எழுதியிருந்தார்: தனக்கென்று வைத்திருந்ததை மற்றவனுக்குக் கொடுத்த மனிதர், எங்கள் மூன்றாம் மாடி சிவபாலன் சேர். அதற்குக் கீழே கூப்பிய கைகளும் இதயங்களுமாக வந்துகொண்டிருந்தன. மூன்று வருடமாக முகம் கொடுத்துக் கதையாத முதல் மாடிக்காரன்கூட ஒரு இதயம் போட்டிருந்தான்.

இனிப் பையை நேரே திருப்பிக் கேட்க வழியில்லை.

"ஸமீம், அதில ஊத்தை உடுப்பும் கலந்துபோச்சு. ஒருக்கால் திருப்பி அனுப்பினால் தோய்ச்சுத் தாறன்."

"அங்க தோய்க்க ஆள் இருக்கு சேர். நீங்க மனசக் குழப்பிக்காம இருங்க." ஸமீமின் குரல் தழுதழுத்தது. வைத்துவிட்டார்.

சிவபாலன் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு யோசித்தார். பூஜை முடிய இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் பை அங்கே போய்ப் பிரிக்கப்பட்டால் உறுதி எந்தக் கையில் போய்ச் சேருமோ. ஒருத்தரும் பிரிக்காமல் இருக்க ஒரு வழி வேண்டும். வழி உடனே வந்தது. கெட்ட வழிகள் கெதியாக வரும். இரண்டாவது கோல் எடுத்து, அதற்குள் காலாவதியான மருந்து கிடக்கிறது, யாரும் குடித்தால் ஆபத்து, ஒருத்தரும் தொடவேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

ஸமீம் நல்ல மனிதர், அந்தக் கணமே லொறிக்காரருக்குச் சொன்னார். லொறிக்காரர் கொலன்னாவைப் பள்ளிக்கூட முகாமில் நின்ற தொண்டருக்குச் சிங்களத்தில் சொன்னார். தொண்டர் உள்ளே ஓடிச் சொன்னார். முகாமுக்குள் போய்ச் சேரும்போது மருந்து வழியில் விழுந்துபோயிருந்தது. ஆபத்தும், தொடவேண்டாமும்தான் மிஞ்சியிருந்தன. இந்த நாட்டில் ஒரு பையைப் பற்றி அந்த இரண்டு சொல்லும் போதும்.

சிவபாலன் ஓட்டோவில் கொலன்னாவைக்குப் போய் இறங்கியபோது, பை பள்ளிக்கூட மைதானத்தின் நடுவில், தூறல் மழையில், தனியாக இருந்தது. சுற்றிவரக் கதிரைகளை அடுக்கி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். பொலிஸ் ஜீப் ஒன்று தள்ளி நின்றது. வெள்ளத்துக்கு ஓடிவந்து மண்டபத்தில் பாய் விரித்திருந்த சனம், இப்போது அவருடைய பைக்கு ஓடி மேல்மாடியில் நின்றது.

கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். ஒருத்தி ரைஸ் குக்கரை அணைத்துக்கொண்டு நின்றாள். ஒரு மனிதர் சுவர்மணிக்கூட்டோடு நின்றார். கால்களில் செருப்பே இல்லை. சிவபாலனின் கண் பழக்கத்தில் அதைத்தான் முதலில் பார்த்தது. எல்லாம் பிழை, எல்லாம் ஐம்பத்தெட்டு, என்று மனம் சொன்னது. அவர்களை ஓடவைத்தது தன்னுடைய பை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

திரும்பிப் போயிருக்கலாம். உறுதியை நினைத்தார், விளக்கு வைக்கும் நேரத்தை நினைத்தார், நாடாவடிக்குப் போனார்.

"அது என்ர பை" என்றார்.

அங்கே நின்ற சார்ஜன்ட் திரும்பிப் பார்த்தார். நித்திரை இல்லாத சிவந்த கண், முழங்கால்வரை சேறு காய்ந்த காற்சட்டை. அடையாள அட்டையைக் கேட்டார். வாங்கி வாசித்தார். பெயரை ஒருமுறை, பிறந்த இடத்தை இரண்டு முறை. கொலன்னாவையில் என்ன வேலை என்று கேட்டார். நாற்பது வருடமாகக் கொழும்பில் சிங்களத்தில் கணக்குப் பார்த்த சிவபாலனுக்கு ஒரு சிங்களச் சொல் வரவில்லை. இதே கேள்வியை, இதே பார்வையை, வாழ்நாள் முழுக்கப் பயந்து வந்தவர் அவர். அதற்குள் அகப்படாமல் ஓடத்தான் அந்தப் பையே. இப்போது அந்தப் பையைக் காசு கொடுத்து ஓட்டோ பிடித்துத் தேடி வந்து மாட்டிக்கொண்டார்.

உன் பை என்றால் உள்ளே என்ன இருக்கிறது சொல் என்றார் சார்ஜன்ட்.

இது சிவபாலனுக்குத் தெரிந்த பாடம். சிங்களமும் திரும்பி வந்தது. மேலே செருப்பு இரண்டு சோடி. என்னுடைய சாரம், பெனியன், சவரம் செய்கிற சாமான், பிரஷர் குளிசை, ரோச் லைட், சின்ன ரேடியோ. மனைவியின் சேலை ஒன்று. பேணியில் மா. அடித்தட்டின் கீழ் வீட்டு உறுதி. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"அப்ப நீயே போய்த் திற" என்று சொல்லிவிட்டு சார்ஜன்ட் ஜீப்புக்குப் பின்னால் போனார்.

நனைந்த மைதானத்தில் சிவபாலன் தனியாக நடந்தார். மேல்மாடி முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே அரிசிமாவும் செருப்பும்தான் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் சிப்பை இழுக்கும்போது கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தார். மேலே செருப்பு. ஒரு சோடி. பெண்பிள்ளைச் செருப்பு.

சார்ஜன்ட் வந்தார். உடுப்புகளைப் பிரித்து அடுக்கும் தொண்டர் பெண் ஒருத்தியும் வந்தாள். மேசை ஒன்றைப் போட்டு, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பருத்திச் சேலை, இன்னொரு பருத்திச் சேலை, உள்ளுடுப்பு, துவாய், சீப்பு, மூக்குக்கண்ணாடி, விபூதிச் சரை, மா நிறைந்த பேணி. அவ்வளவுதான்.

தொண்டர் பெண் சிரித்தாள். இது ஒரு நோனாவுடைய பை, இதற்குள் ஆம்பிளைச் சாமான் ஒரு கைலேஞ்சிகூட இல்லையே என்றாள். சாரம் எங்கே, ரேடியோ எங்கே, சவரச் சாமான் எங்கே என்று சார்ஜன்ட் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

சிவபாலனுக்குத் தலை சுற்றியது. சுற்றிய தலையில் ஒரேயொரு விளக்கம்தான் வந்தது. "களவெடுத்திட்டினம்" என்றார். "இஞ்ச ஆரோ என்ர சாமானை எடுத்திட்டினம்."

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டார். தொண்டர் பெண்ணின் சிரிப்பு நின்றது. தொடவே பயந்து மழையில் வைத்த பையில் யார் எடுத்தது என்று அவள் கேட்டாள். மேல்மாடியிலிருந்து ஒருவர் ஏதோ கத்தினார். அங்கே வீடு போன சனம், உடுத்த துணியோடு வந்த சனம் நிற்கிறது, அவர்களைப் பார்த்துக் களவென்கிறான் வெள்ளவத்தையான் என்பதுதான் அதன் சாரம். சார்ஜன்ட் அடையாள அட்டையை இன்னொருமுறை வாசித்தார். அது சிவபாலனுக்கு நல்லதாகப் படவில்லை.

"அடித்தட்டைத் தூக்குங்கோ" என்றார் சிவபாலன். "அதுக்குக் கீழ எங்கட அம்மா தைச்ச பொக்கற் இருக்கு. அது எங்கட வீட்டு ஆக்களைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

தூக்கினார்கள். பொக்கற் இருந்தது, பொலித்தீனும் இருந்தது. பொலித்தீனுக்குள் பத்மாவதியின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், யதுஷா பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கும் படம் ஒன்று, சிவப்பு நூல் கட்டிய திறப்பு ஒன்று. உறுதி இல்லை.

சிவபாலன் அங்கிருந்த கதிரையில் இருந்துவிட்டார். வீடு போய்விட்டது என்று நினைத்தார். திறப்பைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த எந்தப் பூட்டின் திறப்பும் அல்ல. ஏதோ பழைய அலுமாரித் திறப்பாக்கும்.

இந்தப் பத்மாவதி யார் என்று கேட்டார் சார்ஜன்ட். மனைவி என்றார் சிவபாலன். அப்படியென்றால் மனைவிக்குக் கோல் எடு, அவ சொன்னால் பையைக் கொண்டு போ என்றார் சார்ஜன்ட்.

இது நியாயமான வழி. சிவபாலன் போனைக் கையில் எடுத்தார். பூஜை மணியோடு அவள் குரல் கேட்கும். 'பையைத் தொட்டீங்களோ' என்று கேட்பாள். கத்தமாட்டாள். அவள் ஒருநாளும் கத்தியதில்லை. அந்தச் சத்தமில்லாத கேள்வியை நினைத்தபோது, அதைவிடப் பொலிஸ் ஸ்டேசன் பரவாயில்லை என்று அவருக்குப் பட்டது. உண்மையாகவே அப்படித்தான் பட்டது.

ஸமீமுக்கு எடுத்தார். சார்ஜன்ட் போனை வாங்கி, ஊருக்கே கேட்கும்படி வைத்தார். ஸமீம் நல்ல சிங்களத்தில், அந்தப் பை சிவபாலன் சேருடையதுதான், அந்த மாடியில் குழந்தைக்கும் அது தெரியும், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் கூட்டத்தில் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த ஆட்கள் நாங்கள் என்று சாட்சி சொன்னார். பிறகு தமிழில், "ஆனா சேர், குடுத்தத ஏன் திருப்பி வாங்கப் போனீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியும் ஊருக்கே கேட்டது.

தொண்டர் பெண் சாமானைத் திருப்பி அடுக்கினாள். செருப்பை மேலே வைக்கும்போது கை நின்றது. மேல்மாடிப் படியில் வெறுங்காலோடு ஒரு மனுசி நின்றாள், கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. தொண்டர் பெண் செருப்பைப் பார்த்தாள், அந்த மனுசியைப் பார்த்தாள், சிவபாலனைப் பார்த்தாள். அவருக்கு நெஞ்சு ஒருக்கால் உறுத்தியது. தாயாரின் உள்ளங்கால் நினைவுக்கு வந்தது. ஆனால் செருப்பில்லாத பை பை அல்ல. அதோடு, ஒழுங்கு குலைந்தால் பத்மாவதி கண்டுபிடித்துவிடுவாள். சிப்பை இழுத்து மூடினார்.

கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். கொடுக்கவில்லை. நடந்ததைத்தான் சொல்லமுடியும்.

சார்ஜன்ட் பையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவருடைய வீடும் களனிக் கரையில்தானாம். "அங்கிள், இத அடுக்கின ஆள் கெட்டிக்காரர்" என்றார் அரைகுறைத் தமிழில். "கூட ஒண்ணும் இல்ல. குறைய ஒண்ணும் இல்ல."

"எங்கட அம்மாவின்ர முறை" என்றார் சிவபாலன். அந்த நிலைமையிலும் அவருக்குப் பெருமை வந்தது.

ஓட்டோ வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டு, கடற்பக்கம் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சியிருந்தது. கரண்ட் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை. வாசல் காவல்காரர் ஸ்ரான்லி தன் பிளாஸ்டிக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். கொட்டாஞ்சேனைக்காரர், பல வருடமாக அந்தக் கேற்றடியில் இருப்பவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர்.

"அம்மா வந்திட்டாவோ?" என்று பத்மாவதியைப் பற்றிக் கேட்டார் சிவபாலன்.

"இன்னும் இல்ல ஐயா."

அப்பாடா என்று இருந்தது. ஸ்ரான்லி பையை வாங்கிக்கொண்டார். பிடியில் ஒரு பக்கம் தையல் விட்டிருக்கிறது, அடியில் பிடித்தால்தான் சரி என்று சொல்லி, அப்படியே பிடித்தார். பின்னால் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு சிவபாலன் மூச்சு வாங்கப் படியேறினார். உறுதியைத் தேடவேண்டும். இல்லையென்றால் அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவேண்டும்.

தேடவேண்டி வரவில்லை. தன் அலுமாரியைத் திறந்து வேட்டிகளைத் தூக்கினார், கீழே ஒரு துணிப்பை இருந்தது. மேலே அவருடைய செருப்பு. அதன்கீழ் சாரம், பெனியன், சவரச் சாமான், குளிசை, ரோச், ரேடியோ. ஒரு சின்னப் பேணியில் மா. மோந்து பார்த்தார், இந்த மாதம் வறுத்தது. எல்லாவற்றுக்கும் அடியில், பொலித்தீனில் சுற்றி, வீட்டு உறுதி.

சிவபாலன் கட்டிலில் இருந்து அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. இரண்டு பை. அவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. ஒரு பை போனாலும் மற்றது மிஞ்சும். அம்மாவுக்கே தோன்றாத யோசனை. தான் சொல்லிக்கொடுத்த வித்தையை அவள் ஒருபடி மேலே கொண்டுபோய்விட்டாள், வாயைத் திறந்து ஒரு பெருமை பேசாமல். அடுத்த கூட்டத்தில் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும், அவளை முன்வரிசையில் இருத்திச் சொல்லவேண்டும் என்று நினைத்தார். தெஹிவளைக்குக்கூட ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகலாம், நிலைமை சரிவந்தால்.

துணிப்பையை இருந்தபடியே வைத்து, வேட்டிகளால் மூடினார்.

ஸ்ரான்லி உள்ளே வந்தார். கேட்காமலே கதவுக்குப் பின்னால் போய், பையை வைத்து, சிப் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பினார். அச்சாக அதுதான் இடம், அதுதான் விதம். சிவபாலனுக்குத் திருப்தியாக இருந்தது. இனி ஒரு குறையும் இல்லை, இந்த ஒரு வாயை மட்டும் கட்டிவிட்டால் சரி. சட்டைப் பொக்கற்றிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். ஸ்ரான்லி வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"ஸ்ரான்லி, நான் இந்தப் பையோட வெளியில போனது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. நீர் சொல்லிப்போடாதேயும்."

ஸ்ரான்லி படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். மனிதருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

"நான் ஏன் ஐயா சொல்றேன்? அம்மா இந்தப் பேக்கத் தூக்கிக்கிட்டுக் கீழ வந்து, என்ட கதிரையில கொஞ்ச நேரம் இருந்து ரோட்டப் பாத்திட்டு, திரும்ப மேல கொண்டு போய் வையுங்கன்னு சொல்ற நாள்ல, நான் உங்ககிட்ட ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கேனா?"